"என்ன பாப்பா, எங்கயாவது ஃபங்ஷனா?" - அரியமங்கலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு நெட் ஸ்கர்ட்!

சாயங்காலம் ஆறு மணி. அரியமங்கலம் பால்பண்ணை பஸ் ஸ்டாப். தஞ்சாவூர் ரோட்டுல லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போகுது. நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பி நிக்கிறீங்க. மேல வெள்ளை காட்டன் சட்டை, கீழ முழங்காலுக்குக் கீழ வரைக்கும் சாம்பல் கலர் நெட் ஸ்கர்ட், கால்ல சாதாரண செருப்பு, கையில லஞ்ச் பேக். பக்கத்துல நிக்கிற அக்கா உங்களை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்ப்பாங்க.

"என்ன பாப்பா, எங்கயாவது ஃபங்ஷனா?"

"இல்லக்கா, ஆபீஸ்ல இருந்து வர்றேன்."

"ஆபீஸுக்கா இது?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனா, ரெண்டு மூணு வருஷமா ரீல்ஸ்ல தினமும் கண்ணுல படுற இந்த ஸ்கர்ட்டை வாங்கி வீட்டுல வெச்சிருக்கிற பல பேருக்கு, அதை வெளியில போட்டுட்டுப் போக முடியாம தடுக்கிற கேள்வி இதுதான். 'அழகா இருக்கு... ஆனா தினமும் எப்படிப் போடுறது? ஏதாவது விசேஷம் வரட்டும்.' விசேஷம் வரும். ஒரு நாள் போடுவோம். அப்புறம்?

அந்த 'அப்புறம்'தான் இந்தக் கட்டுரை. அதுக்கு அரியமங்கலத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

நெட் துணி நமக்குப் புதுசா?

ஆன்லைன்ல இதை 'ட்யூல் ஸ்கர்ட்'னு போட்டிருப்பாங்க. பிரான்ஸ்ல இருக்கிற ட்யூல் என்ற ஊரின் பெயர் அது. திருச்சி சின்னக்கடை வீதியில போய் 'ட்யூல்' கேட்டா முழிப்பாங்க, 'நெட் துணி'னு கேட்டா நாலு தாக்கு எடுத்துப் போடுவாங்க. அறுகோணம் அறுகோணமா ஓட்டை இருக்கிற, கொசுவலைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரியான துணி. விறைப்பா நிக்கிறது ஹார்டு நெட், துவண்டு விழுறது சாஃப்ட் நெட்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வயசு பர்த்டேக்குப் போட்ட குடை மாதிரி விரிஞ்ச ஃப்ராக், ஸ்கூல் ஆண்டு விழாவுல தேவதை வேஷத்துக்குத் தச்ச பாவாடை, பாலக்கரை பக்கம் சர்ச்சுகள்ல புதுநன்மை வாங்குற குழந்தைகளின் வெள்ளை கவுன், கல்யாணப் பொண்ணு தலையில போடுற வலை, ரிசப்ஷன் லெஹங்காவுக்கு உள்ள விறைப்பா நிக்கிற கேன்கேன்... எல்லாமே நெட்தான். ஆக, நெட் துணி படாத தமிழ்க் குடும்பம் ரொம்பக் குறைச்சல்.

ஆனா இந்த லிஸ்ட்ல ஒரு ஒற்றுமை இருக்கு. எல்லாமே ஒரு நாள் துணி. போட்டோ எடுத்ததும் அதோட வேலை முடிஞ்சுது. அப்புறம் பீரோவோட மேல் தட்டு, பாலித்தீன் கவர், நாஃப்தலின் உருண்டை. பிள்ளை வளர்ந்திருக்கும், கவுன் மட்டும் அதே சைஸ்ல இருக்கும். 'நெட்னா விசேஷம்' என்ற கணக்கு நம்ம மண்டையில ஏறினது இப்படித்தான். அந்த அக்கா கேட்ட கேள்வியில தப்பே இல்ல. அவங்க பார்த்த நெட் எல்லாம் ஃபங்ஷன்ல பார்த்ததுதான்.

பணக்காரத் துணி மலிவான கதை

முன்னாடி ஐரோப்பாவுலயும் இது ஒரு நாள் துணிகூட இல்ல, சாதாரண ஆளுக்குக் கிடைக்காத துணி. கையால பின்னுற வலை. ஒரு சின்னத் துண்டுக்கு வாரக்கணக்கில் உழைக்கணும். 1808-09-ல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் இந்த வலையைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். விலை சரிய ஆரம்பிச்சுது. கோபமும் கிளம்பியது. 1816-ல் லஃபரோவில் இருந்த அவரது ஆலைக்குள் லுடைட்டுகள் புகுந்து 50-க்கும் மேற்பட்ட இயந்திரங்களை அடிச்சு நொறுக்கினாங்க. மனுஷர் அசரல. டிவர்டன் என்ற ஊருக்குக் கடையை மாத்திக்கிட்டார். அந்த நிறுவனம் இன்னிக்கும் அங்கேதான் இருக்கு. 2021 பிப்ரவரியில் செவ்வாய் கிரகத்துல இறங்கின நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டிக்குப் பாராசூட் துணி நெய்து கொடுத்தது அவங்கதான்.

அப்புறம் பாலே வந்துச்சு. 1832-ல் பாரிஸ் ஓப்பராவில் மேரி டாக்லியோனி, 'லா சில்ஃபீட்' நாட்டியத்தில் மெல்லிய வெள்ளைப் பாவாடையோடு ஆடினதுல இருந்து, பாலேன்னாலே அந்த மேகம் மாதிரியான உடைதான்னு ஆகிப்போச்சு. இருபதாம் நூற்றாண்டில் நைலான் வந்தது. 1938-ல் டுபான்ட் நிறுவனம் அதை உலகத்துக்கு அறிவிச்சுது. பட்டு நூலிலும் பருத்தி நூலிலும் பின்னின வலையை நைலானும், பின்னால் பாலியஸ்டரும் பிடிச்சுக்கிட்டுச்சு. அதோட விலை தரைக்கு வந்தது.

மேடையில் இருந்த பாவாடை ரோட்டுக்கு இறங்கின காட்சியையும் நீங்க பார்த்திருக்கலாம். 1998-ல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் த சிட்டி' சீரியலின் டைட்டில். நாயகி வெள்ளை நெட் ஸ்கர்ட்டோட நியூயார்க் ரோட்டுல நடப்பாங்க. பக்கத்துல போற பஸ் சேத்துத் தண்ணியை வாரி அடிச்சுட்டுப் போகும். நம்ம தஞ்சாவூர் ரோட்டுக்கும் அந்த ரோட்டுக்கும் வித்தியாசமே இல்ல! உடையலங்காரம் செஞ்ச பேட்ரீஷியா ஃபீல்டு, தள்ளுபடிக் குவியலில் 5 டாலருக்கு எடுத்த ஸ்கர்ட் அது. அந்தக் காட்சிக்காக வெச்சிருந்த ஸ்கர்ட்களில் ஒண்ணு 2024 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தப்போ 52,000 டாலருக்குப் போச்சு. நம்ம கணக்குல சுமார் 43 லட்சம் ரூபாய்.

இப்போ ஏன் திடீர்னு?

மூணு விஷயம் ஒண்ணா சேர்ந்திருக்கு.

முதல்ல, ட்ரெண்டு. 2022 வாக்குல 'பாலேகோர்'னு ஒரு அலை கிளம்புச்சு. பாலே ஷூ, ரிப்பன், நெட் ஸ்கர்ட் இதையெல்லாம் டி-ஷர்ட், ஸ்வெட்டர், ஸ்னீக்கர்ஸோட கலந்து அன்றாடம் போடுற ஸ்டைல். ரீல்ஸுக்குன்னே செஞ்ச துணி மாதிரி இது. ஒரு சுத்து சுத்தினா போதும், வீடியோ அழகாயிடும்.

ரெண்டாவது, விலை. நெட் துணி செய்ய வேண்டிய பாலியஸ்டர், நைலானுக்கு சூரத் மாதிரி ஊர்கள் இருக்கு. தேசத்துக்கே செயற்கை இழைத் துணி அங்கிருந்து வருது. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ஜி.எஸ்.டி-யும் மாறிடுச்சு. முன்னாடி 1,000 ரூபாய் வரைக்குமான ரெடிமேடுக்குத்தான் 5 சதவிகிதம், அதுக்கு மேல 12. இப்போ 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவிகிதம்தான், அதைத் தாண்டினா 18. செயற்கை இழைக்கான வரி 18-ல இருந்து 5-க்கும், அந்த நூலுக்கான வரி 12-ல இருந்து 5-க்கும் இறங்கியிருக்கு. நீங்க வாங்குற நெட் ஸ்கர்ட் பெரும்பாலும் இந்தக் குறைஞ்ச வரிக்குள்ளதான் வரும்.

மூணாவது, கைக்குள்ள இருக்கிற கடை. 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட ஷீஇன், ரிலையன்ஸ் ரீடெயில் மூலமா 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குத் திரும்பி வந்துச்சு. மீஷோவும் மிந்த்ராவும் ஏற்கெனவே உங்க போன்ல இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கிட்டே ஆர்டர் போட்டா, நாலு நாள்ல காட்டூர் வரைக்கும் வந்து கொடுத்துட்டுப் போறாங்க.

வாங்குறது இவ்வளவு சுலபம். போடுறதுதான் கஷ்டமா இருக்கு. அதனாலதான் பல நெட் ஸ்கர்ட்கள் ஒரு ரீல், ஒரு ஸ்டேட்டஸ், ஒரு பர்த்டே பார்ட்டியோட ஓய்வு பெறுது. பழைய ஒரு நாள் கவுன் கதையேதான். முன்னாடி அது வாழ்க்கையில ரெண்டு தடவை நடந்துச்சு, இப்போ மாசத்துக்கு ஒண்ணு நடக்குது.

ஓய்வு பெற்ற துணி எங்க போகுது?

இப்போ அரியமங்கலத்துக்கு வருவோம்.

திருச்சிக்காரங்க யார்கிட்டயாவது 'நான் அரியமங்கலம்'னு சொல்லியிருக்கீங்களா? சில பேர் எஸ்.ஐ.டி-யைச் சொல்லுவாங்க. நிறைய பேர், 'ஓ... அந்தக் குப்பைக் கிடங்கு இருக்கே?'ன்னுதான் கேப்பாங்க. உங்க ஏரியாவுக்கு அடையாளமா ஊரே சேர்ந்து கொண்டுவந்து கொட்டிவெச்ச பெயர் அது.

அரை நூற்றாண்டுக்கு மேலா திருச்சி நகரத்தோட குப்பை வந்து சேர்ந்த இடம். 47 ஏக்கர் பரப்பு. கோடை வந்தா தீப்பிடிக்கும். புகை அம்பிகாபுரம், காமராஜ் நகர்னு வீடுகளுக்குள்ள நுழையும். ஜன்னலைச் சாத்திக்கிட்டு, மொட்டை மாடியில காயப்போட்ட துணியை அள்ளிக்கிட்டு ஓடின அனுபவம் அந்தப் பக்கம் இருக்கிறவங்களைக் கேட்டா தெரியும். நாட்டின் சுத்தமான நகரங்கள் பட்டியலில் திருச்சி 2015-ல் இரண்டாவது இடம், 2016-ல் மூன்றாவது இடம் பிடிச்சுது. ஊர் பெருமைப்பட்ட அதே வருஷங்கள்லயும் இந்த மேடு இங்கேதான் இருந்துச்சு.

அப்புறம்தான் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் சுமார் 49 கோடி ரூபாய் செலவில், ஏழரை லட்சம் கன மீட்டருக்கு மேல் குவிந்திருந்த பழைய குப்பையை 'பயோமைனிங்' முறையில் பிரிச்செடுக்கும் வேலையை மாநகராட்சி ஆரம்பிச்சுது. அது என்ன முறை? மேட்டைத் தோண்டி, கிளறி, காயவெச்சு, பெரிய சுழலும் சல்லடையில போடுவாங்க. மண் தனியா விழும். கல், கண்ணாடி, இரும்பு தனியா வரும். கடைசியா மிஞ்சுறது லேசான, எரியக்கூடிய சமாசாரம். பிளாஸ்டிக் கவர், ரப்பர், துணி.

கவனிச்சீங்களா? காய்கறித் தோல் மக்கி மண்ணாயிடுச்சு. வாழையிலை மண்ணாயிடுச்சு. பருத்திப் புடவையும் பல வருஷத்துல நைஞ்சு மண்ணோட மண்ணாயிடும். நைலானும் பாலியஸ்டரும் அப்படியே கிடக்கும். அதைப் பிளாஸ்டிக்கோட சேர்த்துக் கட்டி சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளா அனுப்புறது இந்த முறையில வழக்கம். நீங்க ஒரு நாள் போட்ட மேகத்தோட கடைசி ஸ்டாப், ஒரு சிமென்ட் சூளை.

'பழைய துணியைத்தான் மறுசுழற்சி பண்றாங்களே?'ன்னு கேக்கலாம். பண்றாங்க. 'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பின் 2022 அறிக்கை, இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக் கழிவு சேருவதாகவும், அதில் 59 சதவிகிதம் ஏதோ ஒரு வகையில் மறுபடி உபயோகத்துக்கு வருவதாகவும் சொல்லுது. பானிபட் மாதிரி ஊர்கள்ல பழைய துணியைப் பிரிச்சு நூலாக்கி, போர்வை நெய்யறாங்க. அதுக்கு கம்பளி, காட்டன் மாதிரி துணி வேணும். கிளிட்டர் ஒட்டி, கல் பதிச்சு, எலாஸ்டிக் வெச்சு, வேற துணியில லைனிங் கொடுத்த நெட் ஸ்கர்ட்டை யார் பிரிக்கிறது? பாத்திரக்காரர்கூட 'நெட் துணி வேணாம்மா'ன்னு திருப்பிக் கொடுத்துடுவார்.

இதுல இன்னொரு நியாயக் கணக்கு இருக்கு. மாநகராட்சியில இப்போ 65 வார்டுகள். அத்தனை வார்டிலயும் வாங்கி, போட்டு, அலுத்துப்போன துணிகள் ஒரே ஏரியாவுல போய்ச் சேர்ந்துச்சு. டிரஸ் ஒரு இடத்துல, புகை இன்னொரு இடத்துல. அரியமங்கலத்துப் பொண்ணு ஒரு நெட் ஸ்கர்ட் போட்டா 'ஓவர்'னு சொல்ற ஊர், தன்னோட பழைய லெஹங்காவை யார் வீட்டு வாசல்ல கொட்டுச்சுன்னு யோசிக்கல.

அதனால... தினமும் போடுங்க!

ஆமா, நான் சொல்ல வர்றது இதுதான். 'இதையெல்லாம் தினமும் போடுவாங்களா?' என்ற கேள்வி தலைகீழா இருக்கு. நெட் ஸ்கர்ட்டைத் தினமும் போடுறதுல பிரச்னை இல்ல. ஒரு நாள் மட்டும் போடுறதுலதான் பிரச்னை.

சின்னக் கணக்கு போடலாம். 900 ரூபாய்க்கு ஒரு ஸ்கர்ட் வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஒரே ஒரு தடவை போட்டா, அந்த ஒரு நாளோட வாடகை 900 ரூபாய். 30 தடவை போட்டா, நாள் ஒண்ணுக்கு 30 ரூபாய். ஒரு டீ, ரெண்டு வடைக் காசு. லிவியா ஃபிர்த் என்ற இத்தாலியப் பெண்மணி '30 தடவை' என்றே ஒரு பிரசாரம் நடத்தினாங்க. கடையில கையில எடுத்ததும், 'இதை 30 தடவை போடுவேனா?'ன்னு உங்களையே கேளுங்க. 'ஆமா'ன்னா பில் போடுங்க. இல்லைன்னா ஹேங்கர்லயே மாட்டிடுங்க. அவ்வளவு சிம்பிள்.

அதாவது, 'ஏதாவது விசேஷம் வரட்டும்'னு காத்திருக்கிறதுதான் செலவு. பஸ் ஸ்டாப்புக்கும் ரேஷன் கடைக்கும் லைப்ரரிக்கும் போட்டுட்டுப் போறதுதான் சிக்கனம். அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க, இந்தக் கணக்கு அவங்களுக்கு நம்மைவிட நல்லாவே புரியும்.

"நம்ம ஊருக்கு இது செட் ஆகுமா?"

அடுத்து வர்றது இந்தக் கேள்வி. மெல்லிசா இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, நம்ம பண்பாடு என்னாகும்?

அரியமங்கலத்துல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல உறையூர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊருக்கு உலகத்துல என்ன பேர் தெரியுமா? மெல்லிய துணிக்கான ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு, 'அர்கரு' என்ற ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட மஸ்லினைக் குறிப்பிடுது. அந்த அர்கரு நம்ம உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையோ, அவன் பரிசாகக் கொடுத்த துணியைப் பாம்பு உரிச்ச தோலுக்கு ஒப்பிடுது. இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாம். மெல்லிய துணி நமக்கு அந்நியம்னு சொல்றவங்க, உறையூர் வழியா ஒரு தடவை போய்ட்டு வரலாம்.

இன்னொண்ணு. இப்போ 'நம்ம டிரஸ்'னு மரியாதை கிடைக்கிற சுடிதாரும் ஒரு காலத்துல 'என்ன டிரஸ் இது?'ன்னு கேள்வி வாங்கினதுதான். 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி போட்டப்போ, பெண்களுக்குச் சேலையோட சல்வார், சுடிதாரும் அதுல இருந்துச்சு. 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதிச்சது ஞாபகம் இருக்கா? அது தொடங்கினதே நம்ம திருச்சி மாவட்டத்தின் ஒரு கிராமக் கோயில் விழாவுல, ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்ட வழக்குலதான். அந்த உத்தரவிலும் சேலை, பாவாடை-தாவணிக்குப் பக்கத்துல சுடிதாருக்கு இடம் இருந்துச்சு. 2016 ஜனவரியிலேயே மேல்முறையீட்டுல அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்ததும் வரலாறு. நேத்து சந்தேகமா பார்த்த உடை இன்னிக்கு விதிப் புத்தகத்துக்குள்ள. இப்படித்தான் உடைகள் ஊருக்குள்ள வருது.

அதுக்காக எல்லா இடத்துக்கும் இதைப் போட்டுட்டுப் போங்கன்னு சொல்லல. காலேஜுல, ஆபீஸ்ல, கோயில்ல அங்கங்க ஒரு முறை இருக்கும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது புத்திசாலித்தனம். மத்தபடி கணுக்கால் வரைக்கும் வர்ற, முழு லைனிங் வெச்ச ஒரு ஸ்கர்ட், நம்ம பாட்டி போட்ட பட்டுப்பாவாடையை விட எதையும் அதிகமா காட்டிடப் போறதில்ல. ஜனங்க கண்ணை உறுத்துறது உடம்பு இல்ல. 'விசேஷம் இல்லாத நாள்ல இவ ஏன் இவ்வளவு அழகா இருக்கா?' என்பதுதான். தனக்காக அலங்காரம் பண்ணிக்கிற பொண்ணைப் பார்த்தா நம்ம ஊருக்கு இன்னும் கொஞ்சம் குழப்பம்தான்.

சரி, எப்படிப் போடுறது?

30 தடவை போடணும்னா அது உழைக்கணும், உங்களுக்கும் சௌகரியமா இருக்கணும். அதுக்குச் சில யோசனைகள்.

*புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பீரோவைத் திறங்க.* அக்கா ரிசப்ஷன் லெஹங்கா, பழைய நெட் துப்பட்டா, அனார்கலி... ஏதாவது ஒண்ணு இருக்கும். தெரு முனை டைலர் அக்காகிட்ட கொடுத்தா இடுப்புல எலாஸ்டிக் வெச்சு ஸ்கர்ட்டா மாத்திடுவாங்க. கல்லும் ஜமிக்கியும் அதிகமா இருந்தா அந்தப் பகுதியை வெட்டிட்டு, பிளெயினா இருக்கிற நெட்டை மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க. தினசரிக்கு அதுதான் லாயக்கு.

*சாஃப்ட் நெட் கேளுங்க.* ஹார்டு நெட் தொடையில குத்தும், பஸ்ல பக்கத்து சீட்டையும் சேர்த்து ஆக்கிரமிக்கும். ரெண்டு அடுக்கு போதும். ஆறு அடுக்கு போட்டோவுக்கு, ரெண்டு அடுக்கு பஸ்ஸுக்கு.

*லைனிங் காட்டன்தான்.* திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொடுற ஊர். ரெடிமேடுல பெரும்பாலும் பாலியஸ்டர் லைனிங் இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. அதைப் பிரிச்சுட்டு மல்மல் அல்லது பாப்ளின் வெச்சுத் தைச்சா, அதே ஸ்கர்ட் வேற ஸ்கர்ட் ஆயிடும். தைக்கும்போதே ரெண்டு பாக்கெட்டும் கேட்டுடுங்க.

*மேல சாதாரணமா இருக்கட்டும்.* காட்டன் சட்டை, குட்டை குர்தி, பிளெயின் டி-ஷர்ட், சுங்குடித் துணியில தச்ச டாப்... மேல எவ்வளவு எளிமையோ, கீழ இருக்கிற நெட் அவ்வளவு அன்றாட உடை ஆயிடும். கலர்ல சாம்பல், நேவி, கறுப்பு, காபி நிறம் அழுக்கு தாங்கும். வெள்ளையை மழைக்காலத்துல யோசிச்சுத்தான் எடுக்கணும்.

*டூ வீலர்ல ரொம்ப ஜாக்கிரதை.* இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. துப்பட்டாவும் சேலையும் சக்கரத்துல சிக்கி எத்தனை விபத்து! மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்காவது தடுப்பு இருக்கணும்னு சொல்லுது. நாம 'சாரி கார்டு'னு சொல்றோமே, அதுதான். ஸ்டைலுக்காக அதைக் கழட்டின பைக்குல நெட் ஸ்கர்ட்டோட ஏறாதீங்க. மத்த பைக்குலயும் ஸ்கர்ட்டை மொத்தமா சுருட்டி மடியில அள்ளி வெச்சுக்கிட்டு, உள்ள லெக்கிங்ஸோட உட்காருங்க. பால்பண்ணையில இருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் வருஷக்கணக்கா போராடின நெடுஞ்சாலை இது. அந்த ரோட்டுல நடுவழியில நின்னு சக்கரத்துல இருந்து துணியை எடுக்கிற நிலைமை யாருக்கும் வர வேணாம்.

*நெருப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.* கேஸ் அடுப்பு, கார்த்திகை விளக்கு, தீபாவளிப் பட்டாசு... இந்த மூணுக்கும் காட்டன்தான் சரி. நைலான் நெட் உருகி தோல்ல ஒட்டிக்கும். பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற பாலே நடனப் பெண்ணின் பாவாடை, 1862-ல் ஒத்திகையின்போது மேடை விளக்கில் பட்டுத் தீப்பிடிச்சுது. தீப்பிடிக்காத மருந்துல நனைச்ச துணி விறைப்பா, நிறம் மங்கி இருக்குன்னு வேணாம்னு சொன்ன பொண்ணு. எட்டு மாசம் வலியோட போராடி 1863-ல் இறந்தப்போ வயசு 20.

*துவைக்கிறது.* பச்சைத் தண்ணி, கொஞ்சமா சோப்பு, கையால அலசினா போதும். மெஷின்ல போட்டே ஆகணும்னா துணிப் பைக்குள்ள போட்டுப் போடுங்க. முறுக்கிப் பிழியாதீங்க. அயர்ன் பாக்ஸை நேரா வெச்சா ஓட்டை விழுந்துடும், மேல ஒரு காட்டன் துணியைப் போட்டு லேசான சூட்டுல தேய்க்கணும். கிழிஞ்சா தூக்கிப் போடாதீங்க. ஓட்டைகளால ஆன துணிதானே, ஒரே கலர் நூல்ல நாலு தையல் போட்டா யாருக்கும் தெரியாது.

மறுபடியும் அந்த பஸ் ஸ்டாப்

முதல் நாள் போட்டுட்டுப் போறப்போ ஊரே பார்க்கிற மாதிரி இருக்கும். ரெண்டாவது நாள் நாலு பேர் பார்ப்பாங்க. அஞ்சாவது தடவை, 'இந்த ஸ்கர்ட்ல உனக்கு எத்தனை கலர் இருக்கு?'ன்னு யாராவது கேப்பாங்க. பத்தாவது தடவை அது உங்க டிரஸ். அவ்வளவுதான், ஒரு உடை ஊருக்குள்ள வந்து உட்கார்றது இப்படித்தான்.

உங்க வீட்டுக்குப் பின்னாடி ஊரோட குப்பை மேடு இருந்திருக்கலாம். வருஷக்கணக்கா அந்தப் புகையில வளர்ந்தவங்களா நீங்க இருக்கலாம். அப்படின்னா, ஒரு துணியை ஒரு நாள்ல தூக்கிப் போடாம, நைஞ்சு போற வரைக்கும் ஆசை ஆசையா போடுறதோட அருமை உங்களை விட யாருக்குத் தெரியப் போகுது?

அதனால நாளைக்குச் சாயங்காலம், பால்பண்ணை ஸ்டாப்புல அந்த அக்கா மறுபடியும் கேட்டா, கூச்சப்படாம சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.

"என்ன பாப்பா, இன்னிக்கும் ஃபங்ஷனா?"

"இல்லக்கா. இன்னிக்கு புதன்கிழமை!"